நாலரை மில்லிமீட்டர்

அத்தியாயம் 5

அட்ராக்டா லாவின் எங்கள் முன்னால் தேநீரை வைத்தார். பிறகு, தபால் வர ஒரு நாள் தாமதம் என்று சொல்கிற குரலில் தன் கணவர் இறந்த கதையைச் சொன்னார்.

"அடக்கம் பண்ணி இன்னையோட நாலு வாரம். நான் இன்னும் அழல. திடீர்னு ஒரு நாள் வரும்னு எல்லாரும் சொன்னாங்க. வரல. அது கிடக்கட்டும். எஞ்சினைக் காணோம். அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

என் முதலாளி கன்செப்டா ரூனி தலையை ஆட்டினார். கில்காரிக் ஊரில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டியிருக்கும் ஒரே ஆள் அவர்தான். அதற்கு முன் இருபத்தேழு வருஷம் தபால் நிலையத்தில் இருந்தார். ஊரின் பாதி ரகசியங்களை உறையின் கனத்தை வைத்தே தெரிந்துகொண்டவர். நான் டோனல் பிரெஸ்லின், அவருடைய உதவியாளன். தத்துவத்தில் பட்டம் வாங்கியிருக்கிறேன். ஆகவே கார் ஓட்டுகிறேன்.

"எஞ்சின்னா, ரயில் எஞ்சினா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அதை எப்படிங்க தூக்கிட்டுப் போனான்?"

"கோட்டுப் பையில வெச்சுத்தான்." ஒரு சாக்லேட் பட்டையின் நீளத்தை விரல்களால் காட்டினார். "இவ்வளவுதான் இருக்கும்."

மலக்கி லாவின் பத்தொன்பது வருஷமாகத் தோட்டத்து ஷெட்டில் ஒரு ரயில் பாதையைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கிளைப் பாதை, 1961இல் அது மூடப்பட்ட கடைசி நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. ஸ்டேஷன், சரக்குக் கொட்டகை, கைகாட்டி, போர்ட்டரின் சைக்கிள், அந்தச் சைக்கிள் மீது காலைத் தூக்கி நிற்கும் நாய், எல்லாம் உண்டு. கடைசி ரயிலை இழுத்த சாம்பல் நிற எஞ்சினைப் பித்தளைத் தகட்டிலிருந்து அவரே வெட்டிச் செய்தார். அந்தக் காலத்தில் எங்கள் நாட்டு எஞ்சின்களுக்கு மேலிருந்து கீழ் வரை ஒரே சாம்பல்தான். புகைபோக்கியும் சாம்பல், சக்கரமும் சாம்பல். வானத்துக்கு அடித்து மிஞ்சிய சாயம் போலிருக்கும். சரியான சாம்பலைக் கண்டுபிடிக்க மலக்கி பதினான்கு சாம்பல்களைக் கலந்து பார்த்தாராம்.

"ஆஸ்பத்திரியில கேட்டார்," என்றார் அட்ராக்டா. "'முப்பதாம் நாள் பூசைக்குள்ள கடைசி ரயிலை ஓட்டிடு. ஸ்டேஷன்ல கிளம்பி, பாலத்தைத் தாண்டி, அந்தக் கோடியில நிக்கணும். அப்புறம் ஸ்விட்சை அணைச்சிடு'ன்னார். அவரா அந்த ரயிலை முழுசா ஓட்டினதே இல்ல. ஓட்டினா பாதை மூடிடுமாம். நான் சரின்னு சொன்னேன். வாக்குக் குடுத்தாச்சு. பூசை வர்ற ஞாயித்துக்கிழமை. போன ஞாயிறு ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தா, எஞ்சின் நின்ன இடம் காலி."

"யார் மேலயாவது சந்தேகம்?" என்றார் கன்செப்டா.

"சந்தேகமெல்லாம் இல்ல. கோர்மக் டூஹிதான்."

கோர்மக் டூஹி ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். கில்காரிக் மாடல் ரயில் சங்கத்தின் தலைவர்.

"ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

"நாலரை மில்லிமீட்டர்."

சிரிக்க வாயைத் திறந்தேன். அட்ராக்டாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் ஒரு பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் நாட்டுத் தண்டவாளம் இங்கிலாந்துத் தண்டவாளத்தைவிட அகலம். அதை மாடலாகச் சுருக்கினால் இருபத்தொரு மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைக்கும் மாடல் தண்டவாளம் பதினாறரைதான். சங்கத்தார் புத்திசாலிகள்; இங்கிலாந்து எஞ்சின் ஒன்றைக் கடையில் வாங்கி, சாம்பல் பூசி, நம் எண்ணை ஒட்டி, பதினாறரையில் ஓட்டிவிடுவார்கள். மலக்கி மட்டும் இருபத்தொன்றில் பிடிவாதமாக நின்றார். பதினோரு வருஷம் முன்பு இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். "மூணடி தள்ளி நின்னு பார்த்தா வித்தியாசமே தெரியாது, மலக்கி," என்றார் கோர்மக். "நீ மாட்டையும் மூணடி தள்ளி நின்னுதான் பார்த்தியா?" என்று கேட்டுவிட்டு, தன் சொந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மலக்கி வெளியேறினார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

"அடக்கத்துக்கு வந்தாரா?" என்றார் கன்செப்டா.

"வந்தான்னு என் தங்கச்சி சொன்னா. எனக்கு ஞாபகம் இல்ல. டாக்டர் ஏதோ மாத்திரை குடுத்திருந்தார். முந்நூறு பேர் கையைக் குலுக்கியிருப்பேன், ஒரு முகம் நினைப்பு இல்ல. முட்டை சாண்ட்விச் மட்டும் ஞாபகம் இருக்கு. நிறைய மிஞ்சிப் போச்சு."

பேசும்போது அவருடைய வலது கை ஏப்ரன் பைக்குள் எதையோ தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கோப்பைகளைத் துடைக்க எழுந்தார். சுவரில் கொக்கிகளின் வரிசை. அவற்றில் கைத்துணிகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் நீல நூலில் ஒரு கிழமை. அவர் எடுத்தது புதன்.

"இன்னைக்கு வியாழன், மிசஸ் லாவின்," என்றேன். படித்தவன் இல்லையா.

"தெரியும். வியாழனைக் காணோம். அதனால புதனையே ரெண்டு நாள் ஓட்டறேன். வெள்ளியை முன்கூட்டி எடுக்கறது எனக்குப் பிடிக்காது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்தந்தக் கிழமைக்கு அந்தந்தத் துணிதான்."

கன்செப்டா குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். இரண்டே சொற்கள். எஞ்சின். வியாழன். இரண்டாவது அன்றைய நாளைக் குறிப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

ஷெட்டுக்குப் போனோம். கதவில் ஒரு ஆணி, அதில் ஒரு கயிற்று வளையம். உள்ளே மேஜை மீது, பாதி முடிந்த இன்னொரு எஞ்சின் கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. கன்செப்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், அதற்கு மிகச் சரியான நேரில், அரிசி மணி அளவுக்கு ஒரு பிரேக் கட்டை ஈயத்தால் பற்ற வைக்கப்பட்டிருந்தது.

"இந்த பிரேக் பிடிக்குமா?"

"பிடிக்காது. சும்மா பார்வைக்கு," என்றார் அட்ராக்டா. "ஆனா சக்கரத்துக்கு ஒரு மயிரிழை தள்ளி இருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது."

காரில் ஏறியதும் கன்செப்டா ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை சங்கத்தோட கண்காட்சி. போறோம்."

"திருடினதை ஊர் முன்னால கொண்டுவந்து ஓட்டுவாரா, மேடம்?"

"ரயில் பைத்தியத்தால எஞ்சினைப் பெட்டியில பூட்டி வெச்சிருக்க முடியாது. தபாலாபீஸ்ல எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! மொட்டைக் கடுதாசி போட்டவன்தான் முதல் ஆளா வந்து, பதில் ஏதாவது வந்துதான்னு கேப்பான்."

* * *

சனிக்கிழமை தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் இருநூறு ஆண்கள் இருந்தார்கள். பெண்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் தேநீர் ஊற்றினார்கள். ஒன்பதாவது கன்செப்டா. எல்லோரும் மழைக் கோட்டோடு நின்று, ஓடும் ரயில்களைச் சவப்பெட்டியைப் பார்ப்பது போல் மரியாதையாகப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பொழுதுபோக்கு என்றால் அப்படித்தான்.

மேடைக்கு முன்னால் சங்கத்தின் பெரிய பாதை. அதில் ஆறு சாம்பல் நிற எஞ்சின்கள் வரிசையாகச் சுற்றிவந்தன. நடுவில் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு நின்றார் கோர்மக் டூஹி. ஒவ்வொரு கையும் ஒரு மண்வெட்டி அளவு.

"இதுல எது, மேடம்? ஆறும் ஒரே மாதிரி இருக்கு. ஊர்வலத்துல போற கன்னியாஸ்திரிங்க மாதிரி."

"பக்கவாட்டுல பார்த்தா அப்படித்தான் தெரியும்."

அவர் கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்தார். பாதை நேராக வரும் இடத்துக்குப் போய், தண்டவாளத்தின் ஓரமாக அதைச் சாய்த்துப் பிடித்தார். எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குள் எதிரே வந்து கடந்துபோயின. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், இந்த அம்மாள் ரயில் முன்னால் பவுடர் போடுகிறாரோ என்று திகைத்து நகர்ந்துகொண்டார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது வந்ததும் கன்செப்டா மிட்டாய் மெல்வதை நிறுத்தினார். அந்த எஞ்சினில் மட்டும் எண் பலகை இல்லை.

"டோனல், நாலரையை ரெண்டால வகுத்தா?"

"ரெண்டேகால். தத்துவத்துல இது கிடையாது, நானாத்தான் கத்துக்கிட்டேன்."

"அடுத்த சுத்துல பார். சக்கரத்தைப் பார்க்காதே. பிரேக்கைப் பார்."

குனிந்து பார்த்தேன். மற்ற ஐந்திலும் பிரேக் கட்டைகள் சக்கரத்துக்கு நேராக இருந்தன. எண் இல்லாத எஞ்சினில் சக்கரங்கள் உள்ளே தள்ளி நின்றன. பிரேக் கட்டைகள் இரண்டு பக்கமும் வெளியே நின்று வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு இரண்டேகால் மில்லிமீட்டர்.

"அகலத் தண்டவாளத்துக்குன்னு பிறந்த எஞ்சின்," என்றார் கன்செப்டா. "சக்கரத்தை உள்ளே தள்ளி இந்தப் பாதையில ஏத்தியிருக்காங்க. பிரேக்கை ஈயம் பற்ற வெச்சிருக்கறதால அதைத் தள்ள முடியல. இந்த ஊர்ல அகலமா கட்டினது ஒரே ஆள்."

எஞ்சினை நிறுத்தி எடுத்துக்கொண்டு பின்பக்கம் வரச் சொன்னோம். கோர்மக் ஏன் என்று கேட்கவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மேடைக்குப் பின்னால், கிறிஸ்துமஸ் குடிலின் மர ஒட்டகங்களுக்கு நடுவே நின்றோம்.

"இது மலக்கியோட எஞ்சின்," என்றார் கன்செப்டா.

"ஆமா."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டால் ஒரு அத்தியாயம் எப்படி நகரும் என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"நாளைக்குப் பூசை, டாக்டர். அதுக்கு முன்னால இதைத் தன் பாதையில ஒரு தடவை ஓட்டச் சொல்லி மலக்கி கேட்டிருக்கார். ஆஸ்பத்திரியில. அட்ராக்டா வாக்குக் குடுத்திருக்காங்க."

கோர்மக் கையிலிருந்த எஞ்சினைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. அந்த வாக்கு விஷயம் அவருக்கு இப்போதுதான் தெரிகிறது.

"நான்தான் திருடினேன்," என்றார். "அவகிட்ட அப்படியே சொல்லுங்க. ஷெட்டுப் பூட்டை உடைச்சு எடுத்தேன்."

"எதால உடைச்சீங்க?"

"கம்பியால."

"அந்த ஷெட்டுக்குப் பூட்டே இல்ல, டாக்டர். ஒரு ஆணி, ஒரு கயிறு."

"அப்போ கயிறை அவுத்தேன்."

"கம்பியாலயா?" என்றேன்.

நான் அட்டைப் பெட்டியைக் கையில் வாங்கித் திறந்தேன். எஞ்சின் படுக்க உள்ளே ஒரு துணியை மெத்தையாக விரித்திருந்தார். நாலாக மடித்த துணி, ஓரத்தில் ஒரு சேஃப்டி பின். பிரித்தேன். நீல நூலில் எழுதியிருந்தது: வியாழன்.

காணாமல் போன கிழமை என் கையில் இருந்தது. குறிப்புப் புத்தகத்தில் இருந்தது அன்றைய நாள் இல்லை, இந்தத் துணி என்பது அப்போதுதான் உறைத்தது.

கன்செப்டா மெதுவாகப் பேசினார். "ஷெட்டுல புகுந்த திருடன் சமையலறைக்குப் போய், ஏழு துணியில அன்னைய கிழமையைத் தேடி எடுத்து, மடிச்சுப் பின் குத்திப் பொட்டலம் கட்டமாட்டான். அடக்கம் நடந்தது வியாழக்கிழமை. சரியான கிழமையைச் சரியான நாள்ல எடுக்கற கை அந்த வீட்டுல ஒண்ணுதான். அவங்களே குடுத்தாங்க. இல்லையா?"

கோர்மக் ஒரு மர ஒட்டகத்தின் மீது உட்கார்ந்தார். அது தாங்கியது.

"எல்லாரும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. கொல்லைப் பக்கம் வந்து என் கையில திணிச்சா. 'கொண்டு போயிடு, கோர்மக். இது என் கண்ணுல படக் கூடாது, அவர் பேர் சொல்லி இது எங்கயும் நிக்கக் கூடாது. இதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசாதே, எப்பவும்'னா. சரின்னேன். எண் பலகையைக் கழட்டி வெச்சேன்."

"அவங்களுக்கு அது ஞாபகமே இல்ல."

"தெரியும். போன ஞாயிறு கோவில் வாசல்ல என்னைப் பார்த்த பார்வையிலயே புரிஞ்சுபோச்சு."

"அங்கேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? உன் புருஷன் கைப்படச் செஞ்ச பொருளை நீயேதான் தூக்கிக் குடுத்தே, அதையும் மறந்துட்டேன்னா? என்னைத் திருடன்னே நினைச்சுக்கட்டும் தம்பி, அதுக்காக ஊர்ல யாரும் எனக்குப் பால் ஊத்தறதை நிறுத்திடமாட்டாங்க."

"சக்கரத்தை ஏன் தள்ளினீங்க?"

அவர் எஞ்சினைத் திருப்பிச் சக்கரத்தைப் பார்த்தார். "பதினோரு வருஷமா எங்க பாதையில அவன் எஞ்சின் ஒண்ணுகூட ஓடல. ஒரு நாள் ஓடட்டுமேன்னுதான். தள்ளறப்போ மூணு தடவை நிறுத்திட்டேன். மாட்டுக்குக்கூட நான் அப்படித் தயங்கினதில்ல."

* * *

நாலு மணிக்கு அட்ராக்டாவின் சமையலறை மேஜையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் எஞ்சின். அதன் பக்கத்தில் கன்செப்டா அந்தத் துணியை, பின் குத்தியபடியே, மடித்து வைத்தார். விளக்கம் எதுவும் தரவில்லை.

அட்ராக்டா எஞ்சினைத்தான் முதலில் பார்த்தார். "யார் எடுத்தது?"

"நான்," என்றார் கோர்மக்.

அட்ராக்டாவின் பார்வை துணிக்கு நகர்ந்தது. மடிப்பைப் பார்த்தார். பின்னைப் பார்த்தார். பின் குத்தியிருந்த கோணத்தைக்கூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். என்னிடம் ஒரு நகைச்சுவை இருந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"இது நான் கேக் பொட்டலம் கட்டற மாதிரி," என்றார்.

கோர்மக் துணியைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

"உனக்குப் பொய் சொல்லவே வராது, கோர்மக். பதினோரு வருஷத்துல அதையாவது கத்துக்கிட்டிருக்கலாம்." குரலில் கோபம் இல்லை. வேறு எதுவுமே இல்லை. "நான்தானே குடுத்தேன்?"

"ஆமா, அட்ராக்டா."

"முட்டை சாண்ட்விச் ஞாபகம் இருக்கு. இது இல்ல." எஞ்சினைத் தொட்டார். "சரி. ஷெட்டுக்குப் போவோம். ஓட்டிடறேன்."

"ஓடாது," என்றார் கோர்மக். "சக்கரத்தை உள்ளே தள்ளிட்டேன். அவன் பாதையில வெச்சா நடுவுல விழுந்துடும். வெளியே இழுத்துடலாம், அது பெரிய வேலை இல்ல. எத்தனை கன்னுக்குட்டியை இழுத்திருக்கேன். ஆனா இருபத்தொண்ணுக்கு அளவுக் கட்டை வேணும். எங்க சங்கத்துல யார்கிட்டயும் கிடையாது. அவன்கிட்ட ஒண்ணு இருந்துது, பித்தளையில. எங்க வெச்சானோ."

அட்ராக்டா ஏப்ரன் பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையில் ஒரு சிறிய பித்தளைத் துண்டு. ஒரு மாதம் தேய்த்ததில் கண்ணாடி போல் மின்னியது.

"ஆஸ்பத்திரியில அவர் பைஜாமா பையில இருந்துது. என்னன்னே தெரியாம வெச்சிருக்கேன்."

கோர்மக் வேலையை ஆரம்பித்தார். அந்த மண்வெட்டிக் கைகள் அச்சைப் பிடித்து, சக்கரத்தை ஒரு மயிரிழை இழுத்து, பித்தளையை வைத்துப் பார்த்து, மறுபடி இழுத்தன. நாங்கள் பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் போல உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிச் சக்கரம் வெளியே வந்து தன் பிரேக் கட்டைக்கு நேராக நின்றபோது அவர் பெருமூச்சு விட்டார். பையிலிருந்து எண் பலகைகளை எடுத்து, இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

ஷெட்டில் விளக்கைப் போட்டோம். இரண்டு பெட்டிகள் ஸ்டேஷனில் ஏற்கெனவே காத்திருந்தன. அவற்றின் முன்னால் எஞ்சினை வைத்தார் கோர்மக். அட்ராக்டா குமிழைத் திருப்பினார். ரயில் கிளம்பியது. சைக்கிளைத் தாண்டி, நாயைத் தாண்டி, கைகாட்டியைத் தாண்டிப் பாலத்தின் மேல் ஏறியது. அவசரமே இல்லை. பதினாலு அடி தூரத்துக்கு ஒரு நிமிடம் ஆனது. கோடியில் தடுப்புக் கட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது.

அட்ராக்டா ஸ்விட்சை அணைத்தார். 1961 முடிந்தது.

திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "உங்க பதினாறரையில ஓடிச்சே, எப்படி ஓடிச்சு?"

கோர்மக் யோசித்தார். இந்தத் தடவை பொய் சொல்ல முயலவில்லை. "நல்லாத்தான் ஓடிச்சு."

"நாளைக்குக் கல்லறைக்கு வருவே இல்ல?"

"வருவேன்."

"அதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதே."

சமையலறைக்குத் திரும்பினோம். அட்ராக்டா கோப்பைகளைக் கழுவினார். மேஜையில் கிடந்த துணியின் பின்னைக் கழற்றி, உதறி, முதல் கோப்பையைத் துடைத்தார். இரண்டாவதைத் துடைத்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, அதே துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. வெகு நேரம் குலுங்கின.

கொக்கியில் சனி தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சனிக்கிழமை. நான் ஒன்றும் சொல்லவில்லை.